கிரீன் சர்க்கிள்

இரவு ஒன்றேகால்.
லாட்ஜ் வரவேற்பு மேசையில் பழைய கணினி,
அதற்குள் என் வேலூர்.

அகழி வெட்ட அந்த விளையாட்டில் வழியில்லை.
கோட்டையைச் சுற்றி நாலு கட்டம் ஏரி என்று விட்டுவிட்டேன்.
பாலாற்றில் தண்ணீர் ஊற்றினால்
பாலத்துக்குக் கூடுதல் செலவு.
மணலாகவே விட்டேன். பணமும் மிச்சம்,
பொய்யும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நிறுத்தம் நட்டேன்.
சொடுக்கியதும் தரையில் பச்சை விரிந்தது,
இந்தப் பக்கம் மூன்று கட்டம், அந்தப் பக்கம் மூன்று.
உள்ளே இருப்பவன் பஸ்ஸுக்கு வருவான்.
வெளியே இருப்பவனுக்குக்
கால் இருப்பதே விளையாட்டுக்குத் தெரியாது.

நம்ம ஊர் கிரீன் சர்க்கிள் பெயருக்கேற்ற வட்டம்.
இது பச்சைதான், ஆனால் சதுரம்.
மூலைவீட்டுக்காரனுக்கு யோகம்.

ஒரு தந்திரம் உண்டு:
கட்டடம் முழுசாக உள்ளே வர வேண்டியதில்லை.
ஒரு முனை பட்டால் போதும்,
ஆறு மாடியும் இறங்கி வரிசையில் நிற்கும்.
நிறுத்தத்தை ஒரு கட்டம் மேற்கே தள்ளி
மருந்துக்கடைச் சந்தின் கடைசி லாட்ஜை
நகக்கண்ணால் தொடுவதுபோல் தொட்டேன்.
எங்கள் லாட்ஜ்தான்.

பாகாயத்தின் பச்சையும் தொரப்பாடியின் பச்சையும்
ஒன்றன்மேல் ஒன்று விழுந்து
நடுவில் இருந்த வீடுகளைப் பங்கு போட்டன,
வக்கீல் வைக்காத பாகப்பிரிவினை.
காட்பாடிக்கு ஐந்து பஸ் விட்டும் போதவில்லை.
ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நாலாயிரம் பேர்,
சிவப்பு எழுத்தில்.
காத்திருந்து அலுத்தால் அவர்கள் மறைந்துவிடுவார்கள்.
எங்கே போகிறார்கள் என்று விளையாட்டு சொல்லாது,
மதிப்பெண் மட்டும் குறையும்.

சைதாப்பேட்டை மலைச்சரிவுதான் தொல்லை.
சரிவில் நிறுத்தம் நிற்காது.
அறுபத்திரண்டு படி ஏறினால் என் வாடகை அறை,
பச்சையின் ஓரத்திலிருந்து
ஒரே ஒரு கட்டம் வெளியே.
மலையைச் சமன் செய்தேன். எட்டு லட்சம்.
நிறுத்தம் வந்தது,
என் அறை இருந்த இடத்தில்.
சேமித்த கோப்பைத் திறந்து மலையை மீட்டேன்.
(தண்ணீர் லாரியும் அங்கே ஏறாது.
விளையாட்டில் தண்ணீர் லாரியே இல்லை.)

இரண்டு மணிக்குப் பதினேழாம் அறை மோண்டல்
ஃபிளாஸ்க்கோடு இறங்கி வந்தார்.
பாங்குராவுக்குப் பக்கத்தில் ஏதோ ஊர்.
மனைவிக்கு வியாழன் ஆபரேஷன் என்றார்கள்,
பிறகு அடுத்த வியாழன்,
ரத்தத்தில் சர்க்கரை இறங்கட்டும் என்று அதற்கடுத்தது.
நாற்பது நாளில் அவர் சேர்த்த தமிழ்:
சுடுதண்ணி, சில்லறை, டோக்கன், அப்புறம் வாங்க.

கெட்டில் சூடாகும்வரை திரையைப் பார்த்து நின்றார்.
பச்சையைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார்.
"இந்த ஸ்டேஷனுக்கு ஆள் வர்ற தூரம்" என்று
கையை விரித்துக் காட்டினேன்.
காட்பாடியைச் சொடுக்கினேன். பெரிய ஸ்டேஷன், ஐந்து கட்டம்,
கழிஞ்சூர் வரை பிடிக்கும்.
எனக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அவர் விரலை ஸ்டேஷன்மேல் வைத்தார்.
மெல்ல மேலே இழுத்தார்.
சித்தூர் தாண்டி, வரைபடம் தீர்ந்து,
திரையின் பிளாஸ்டிக் சட்டம் ஏறி,
பின்சுவருக்குத் தாவி,
காலண்டர், சாவி மாட்டும் பலகை,
அதற்கும் மேலே,
கால்விரல் நுனியில் எம்பி
டியூப்லைட் பக்கத்தில் நிறுத்தி
"வீடு" என்றார்.

அந்தச் சொல்லை எப்போது கற்றாரோ.

ஆரத்தைக் கூட்டிப் பார்த்தேன்.
எட்டுக்குமேல் எண் ஏறவில்லை.
ஃபிளாஸ்க்கை நிரப்பிக் கொடுத்தேன்,
மூடியைத் திருகத் திருகப் படியேறிப் போனார்.

பதிவேட்டில் அவர் பக்கத்தைத் தேடி எடுத்தேன்.
'ஊர்' என்று போட்ட கட்டம் ரொம்பச் சின்னது.
அவர் எழுத்து கோட்டைத் தாண்டி
'வந்த தேதி'யை நெருக்கித் தள்ளி
'போகும் தேதி'க்குள்ளும் நுழைந்திருந்தது.
அங்கே எழுத இனி இடமில்லை.